ஒரே ஒரு மைனஸ்

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பாராட்டியது, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதைப் பற்றிய பதிவுதான். காலையில் தெற்கே போகிறோம், வெயில் இடது பக்கம். சாயங்காலம் வடக்கே திரும்புகிறோம், அப்போதும் வெயில் இடது பக்கம். ஆகவே போகும்போதும் வலது, வரும்போதும் வலது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. எழுதப் பத்து நிமிடம்.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருடம். சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியின் லேபில் எனக்கு வேலை. காலை ஷிப்ட் என்றால் மதியம் இரண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள். கடலூர் முதுநகரில் இருந்த வீட்டுக்கு வந்து, உடம்பிலிருந்து கம்பெனி வாசனை போகும்வரை குளித்து, சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். மற்ற நண்பர்கள் அந்த நேரத்தில் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தமிழ் இணைய மன்றத்தில் சேர்ந்திருந்தேன்.

உறுப்பினர் பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதுகிறவர்கள் நாற்பது பேர்கூட இருக்கமாட்டார்கள். அரசியலுக்கு ஒரு பிரிவு, சமையலுக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று, எதிலும் சேராததற்கு 'பொது' என்று ஒன்று. நான் பொதுவில் எழுதினேன். ஒவ்வொரு பதிவின் கீழேயும் பச்சை வட்டத்தில் ஒரு கூட்டல் குறியும், சிவப்பு வட்டத்தில் ஒரு சின்னக் கோடும் இருக்கும். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. யார் அழுத்தினார்கள் என்று வெளியே தெரியாது. ஒரு பதிவுக்கு ஐந்து மைனஸ் சேர்ந்துவிட்டால் அது தானாக மடங்கிக்கொண்டு, 'இந்தப் பதிவு மறைக்கப்பட்டுள்ளது, படிக்க விரும்பினால் இங்கே அழுத்தவும்' என்று ஒரு வரி மட்டும் நிற்கும். மன்றத்துக்குள் வருகிற எல்லோரும் முதலில் அதைத்தான் அழுத்துவார்கள்.

பேருந்துப் பதிவுக்குப் பதினொரு பிளஸ் விழுந்தது. கூடவே ஒரு மைனஸ்.

முதலில் அதை நான் பொருட்படுத்தவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் அன்று மாலை முழுக்க அதைப் பற்றியே யோசித்தேன். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் ஒருவருக்கு என்ன மாற்றுக்கருத்து இருக்க முடியும்? அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பேருந்தில் வந்தால்கூட எங்கள் சிப்காட் இருக்கும் குடிகாடு வந்துவிட்டதை மூக்கு எப்படிச் சொல்லிவிடும் என்று எழுதினேன். எட்டு பிளஸ், ஒரு மைனஸ். மழைக்காலத்தில் செருப்பைக் காப்பாற்றுவது பற்றி எழுதினேன். ஆறு பிளஸ், ஒரு மைனஸ். எது எழுதினாலும் ஒன்று. இரண்டு ஆனதில்லை, இல்லாமலும் போனதில்லை.

லேபில் வேலை செய்கிறவன் இல்லையா, சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாருக்கும் எந்த ஆட்சேபமும் இருக்க முடியாத ஒரு பதிவு போட்டேன்: 'அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்.' மாலைக்குள் ஒரு மைனஸ். அந்த மாதக் கடைசியில் ஓர் உறுப்பினரின் தகப்பனார் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எல்லோரும் போல நானும் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதினேன். எனக்கு முன்னால் பதினைந்து பேர் அதே இரண்டு வார்த்தைகளை எழுதியிருந்தார்கள். என்னுடைய இரங்கலுக்கு மட்டும் ஒரு மைனஸ்.

அதன் பிறகு எனக்குப் பிளஸ் கண்ணிலேயே படவில்லை.

மஞ்சக்குப்பத்தில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் எல்லாம் உண்டு. நான் எழுத ஆரம்பித்தது தெரிந்ததும், "எனக்கும் அதுல ஒரு பேரு போட்டுக் குடுடா, நீ என்னா எழுதுறன்னு பாக்குறேன்" என்று அவர் கேட்க, அவருக்கு ஒரு கணக்கு திறந்து கொடுத்திருந்தேன். அவர் எதுவும் எழுதுவதில்லை. கடையில் ஆள் இல்லாதபோது என் பதிவுகளைப் படிப்பார். வருகிறவர்களுக்கும் படித்துக் காட்டுவார். சாதிச் சான்றிதழ் நகல் எடுக்க வந்த எத்தனையோ பேருக்குப் பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று தெரிந்தது அவரால்தான்.

மனசு தாங்காமல் ஒரு நாள் அவரிடமே போனேன்.

"மாமா, எவனோ ஒருத்தன் எனக்கு மட்டும் மைனஸ் போட்டுக்கிட்டே இருக்கான்."

மாமா மெஷினை நிறுத்திவிட்டார். "மைனஸ்னா? மைனஸ் மார்க்கா?"

"ஆமா மாமா. நான் எது எழுதுனாலும் வந்து ஒன்னு போட்டுட்டுப் போயிடுறான்."

"எவன் அவன்? பேரச் சொல்லு."

"பேரு காட்டாது மாமா."

"பேரக்கூடச் சொல்லாம மார்க்கக் கொறைக்கிறானா? அவன்லாம் ஒரு ஆளா?" மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "நீ எழுது மாப்ள. எவன் என்னா பண்ணா என்னா? நீ எழுதுனத நான் ஒன்னு விடாம படிக்கிறன்ல, அது போதாதா உனுக்கு?"

குடும்பத்தில் ஒருவராவது இருக்கிறாரே என்று நினைத்தேன்.

மன்றத்தில் என் சந்தேகம் ஒரே ஒருவர் மேல்தான். அவருடைய புனைபெயரைச் சொல்லக் கூடாது, கத்தரிக்காய்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஊர் சிதம்பரம். சமையல் பிரிவில் யாரோ கொத்சு எப்படிச் செய்வது என்று கேட்க, நான் எங்கள் வீட்டில் செய்கிறபடி எழுதியிருந்தேன். கத்தரிக்காயை வேக வைத்து மசிப்பது, சின்ன வெங்காயத்தை வதக்கிப் போடுவது, புளி, வறுத்து அரைத்த மல்லி மிளகாய்ப் பொடி. கீழே ஐந்தே நிமிடத்தில் கத்தரிக்காய்க்காரரின் பதில் வந்தது: 'வெங்காயம் போட்டால் அதற்குப் பெயர் கொத்சு அல்ல. கோயிலைச் சுற்றி நான்கு வீதியிலும் கேட்டுப் பாருங்கள். கடலூர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த கருவாட்டுக் குழம்போடு நிறுத்திக்கொள்வது நலம்.'

நான் சும்மா இருக்கவில்லை. அவரும் சும்மா இருக்கவில்லை. அந்தத் திரி, அதாவது ஒரே தலைப்பின் கீழ் தொடரும் பதிவு வரிசை, பதினான்கு பக்கம் ஓடியது. கொத்சு ஆறாம் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் எழுத்துப்பிழை, பிறகு அவரவர் படித்த பள்ளிக்கூடம், பிறகு உண்மையான சோழ நாடு எங்கே தொடங்குகிறது என்று போய்க்கொண்டே இருந்தது. கனடாவிலிருந்து ஒருவர் 'இருவரும் அமைதி காக்கவும்' என்று எழுத, இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டினோம். எங்களுக்குள் ஒற்றுமை இருந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

மன்றத்தின் நிர்வாகி துபாயில் இருந்தார். அங்கே ஏதோ கட்டுமானக் கம்பெனியில் வேலை. திரியைப் படித்துவிட்டு அவர் எனக்குத் தனிமடல் அனுப்பினார். 'தினமும் நீங்கள்தான் அதிகம் புகார் அனுப்புகிறீர்கள். அந்த அக்கறையைப் பாராட்டி உங்களையே மட்டுறுத்துனர் ஆக்குகிறேன்.'

மட்டுறுத்துனர் என்றால் மாடரேட்டர். பதிவை நீக்கலாம், திரியைப் பூட்டலாம், ஆளைத் தடை செய்யலாம். என் பெயர் சாதாரணக் கறுப்பிலிருந்து கருநீலமாக மாறியது. அன்றைக்குக் கம்பெனியில் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர், "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். இன்னொருவர் மட்டுறுத்துனர் என்பதைச் சொல்லிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரம் வந்ததும் முதல் வேலையாகக் கொத்சுத் திரியில் கடைசி வார்த்தையை நான் எழுதிவிட்டுத் திரியைப் பூட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை. ஆனால் பூட்டிய அந்தக் கடைசிப் பதிவின் கீழேயும் ஒரு மைனஸ் வந்து உட்கார்ந்தது.

யார் மைனஸ் போட்டார்கள் என்பதை மட்டுறுத்துனராலும் பார்க்க முடியாது, நிர்வாகியால்தான் முடியும். நிர்வாகிக்கு எழுதினேன். பதில் வரவில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாமல் கத்தரிக்காய்க்காரரை ஏழு நாள் தடை செய்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'தொடர்ந்து காழ்ப்புணர்ச்சியுடன் எதிர்வாக்கு அளித்தமை' என்று டைப் செய்தேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அன்று மாலை நிம்மதியாக ஒரு பதிவு எழுதினேன். மறுநாள் பார்த்தால் ஒரு மைனஸ்.

வேறு யாராவது என்றால் இங்கே ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. ஆள் இன்னொரு பெயரில் வந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். அந்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களின் பட்டியலை எடுத்தேன். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் எழுதியது ஒரே ஒரு பதிவு: 'வணக்கம். கத்தரிச் செடியில் காய்ப்புழு ஜாஸ்தியாக உள்ளது. என்ன மருந்து அடிக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லவும்.' கத்தரி என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிரந்தரத் தடை போட்டேன். பூச்சிமருந்துக்கான சரக்கு தயாராகிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பூச்சிமருந்து கேட்டவரை விரட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பிற்பாடு தடையை எடுத்து மன்னிப்பும் எழுதினேன். அவர் திரும்பி வரவே இல்லை. அவருடைய செடிகள் என்ன ஆயின என்று எனக்கு இன்றும் தெரியாது.

நான்காம் நாள் துபாயிலிருந்து நிர்வாகியின் பதில் வந்தது. 'ஊருக்குப் போயிருந்தேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்கள் பதிவுகளுக்கான மைனஸ் எல்லாம் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன.' கீழே கணக்கின் பெயர் இருந்தது. நானே என் கையால் திறந்துகொடுத்த கணக்கு. கடவுச்சொல்கூட என் பிறந்த தேதிதான்.

அடுத்த பேருந்தைப் பிடித்து மஞ்சக்குப்பம் போனேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தேன் என்று நினைவில்லை.

மாமா லேமினேஷன் செய்துகொண்டிருந்தார். "வா மாப்ள, டீ சொல்லவா?"

"மாமா, என் பதிவுக்கு மைனஸ் போடுறது நீங்களா?"

"நானா?" அவர் உண்மையிலேயே அடிபட்டவர் போலப் பார்த்தார். "என்னாடா பேசுற? நான் ஏன்டா உனுக்கு மார்க்கக் கொறைக்கப் போறேன்?"

"நீங்க எப்படிப் படிப்பீங்க? எனக்குக் காட்டுங்க."

மாமா கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மன்றத்தைத் திறந்து, முந்தைய நாள் பதிவை எடுத்து, வாய்விட்டு ஒரு வரி விடாமல் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். "சூப்பர்டா" என்றார். பிறகு சுட்டியைக் கீழே கொண்டுபோய்ச் சிவப்பு வட்டத்தின் மேல் வைத்தார்.

"இதுதான் மாமா! இத ஏன் அமுக்குறீங்க?"

"படிச்சி முடிச்சா மூடணும்ல? எல்லா ஜன்னலுக்கும் மேல கோடு இருக்கும், இதுல கீழ வச்சிருக்கான். அமுக்குனா செவப்பு போயிச் சாம்பலா ஆவுது பாரு. படிச்சாச்சின்னு அர்த்தம்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "அப்படின்னா எல்லாரு பதிவுக்கும் மைனஸ் விழுந்திருக்கணுமே மாமா. எனக்கு மட்டும்தான விழுது?"

"மத்தவன் எழுதுறத நான் ஏன்டா படிக்கப் போறேன்?"

"இரங்கலுக்கும் அமுக்குனீங்களா?"

"அத ரெண்டு தடவ படிச்சேன். யாரோ என்னவோன்னு மனசு கேக்கல. ஆனா ஒரு தடவதான் அமுக்க விடுது."

விஷயம் முழுவதையும் விளக்கினேன். மாமா லேமினேஷன் மெஷினை அணைத்தார். ஹால் டிக்கெட் நகலுக்கு வந்த பெண்ணை, "அஞ்சு நிமிஷம் கழிச்சி வாம்மா" என்று அனுப்பிவிட்டார். பிறகு, "அப்ப உனுக்கு மார்க்கக் கொறைச்ச நாயி நான்தானாடா?" என்று கேட்டார்.

கத்தரிக்காய்க்காரரின் தடையை உடனே நீக்கினேன். ஆனால் அது போதாது என்று பட்டது. தடைக்கு எதிராக அவர் ஒரு மேல்முறையீடு அனுப்பியிருந்தார். அதில், 'தைரியம் இருந்தால் நேரில் வரவும். சிதம்பரம் கீழ வீதியிலிருந்து பிரியும் சந்தில் பல்செட் கட்டும் கடை. வெள்ளிக்கிழமை விடுமுறை. வருமுன் தகவல் தெரிவித்தால் நலம்' என்று இருந்தது. வியாழக்கிழமை போனேன். தகவல் தெரிவிக்கவில்லை.

சிறிய கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக மாவில் அச்செடுத்த தாடைகள் வாயைத் திறந்துகொண்டு இருந்தன. உள்ளே ஒல்லியாக ஒரு மனிதர் ஒரு பல்லை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் அரத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

"உங்கள தப்பா நெனச்சித் தடை போட்டுட்டேங்க. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க? நீங்க போட்டது சரிதாங்க."

"சரியில்லைங்க. மைனஸ் போட்டது நீங்க இல்ல."

"ஆமாங்க, நான் இல்லைங்க. ஆனாலும் போட்டது சரிதாங்க. நான் ஜாஸ்தியாத்தான் பேசிட்டேன்."

இந்த மனிதரா என்னைக் கருவாட்டுக் குழம்போடு நிற்கச் சொன்னவர்? நான் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்றார். வெயில் அதிகம் என்றேன், ஆமாங்க. காற்றும் இருக்கிறது என்றேன், ஆமாங்க, காத்தும் இருக்குதுங்க. பல் கட்டிக்கொள்ள வந்த ஒரு பெரியவர், பல் பெரிதாக இருக்கிறது என்று அரை மணி நேரம் திட்டினார். அவருக்கும் ஆமாங்க.

கடைக்குப் பின்னாலேயே வீடு. சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். அவருடைய மனைவி இட்லி வைத்து, கிண்ணத்தில் கொத்சு ஊற்றினார். எடுத்து வாயில் வைத்தேன். பல்லில் ஏதோ மாட்டியது. பார்த்தால், சின்ன வெங்காயம்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார். "அவுங்க ஊரு பண்ருட்டிப் பக்கங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து வெங்காயம் போட்டுத்தாங்க செய்றாங்க. எங்க அம்மா போடமாட்டாங்க. நான் ஒரு தடவ சொல்லிப் பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரியாக் காதுல விழலைன்னாங்க. திரும்பிச் சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லலைங்க." ஒரு விள்ளல் இட்லியை எடுத்துக் கொத்சில் தோய்த்தார். "ஆனா நல்லாத்தாங்க இருக்கும்."

நல்லாத்தான் இருந்தது. நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என்னோடு இவரையும் மட்டுறுத்துனர் ஆக்கலாம் என்று நிர்வாகிக்கு எழுதினேன். ஒரு பரிகாரம் மாதிரி. நிர்வாகியும் ஒத்துக்கொண்டார். அத்தோடு விஷயம் சுபமாக முடிந்திருக்கும். மாமாதான் விடவில்லை.

செய்த பாவத்தைத் தானே சரி செய்வது என்று அவர் முடிவெடுத்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. காலையிலேயே போய் உட்கார்ந்து, என் முதல் பதிவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றிலும் பச்சையை அழுத்தி மைனஸைப் பிளஸ்ஸாக மாற்றியிருக்கிறார். ஒரே காலையில் இருநூற்றுச் சொச்சம் பிளஸ், எல்லாம் ஒரே ஆளுக்கு. மன்றத்தின் மென்பொருளில் இதற்கென்றே ஒரு விதி இருந்தது. தனக்குத்தானே கள்ள ஓட்டுப் போட்டுக்கொள்ள இரண்டாவது பெயரில் வருகிறவர்களைப் பிடிக்கும் விதி. மதியம் நான் உள்ளே நுழையப் பார்த்தபோது, 'இரட்டைக் கணக்கு எனச் சந்தேகம். மட்டுறுத்துனரின் முடிவு வரும்வரை உங்கள் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று திரை சொன்னது. என் மாமாவும் நானும் ஒரே ஆள் என்று அது தீர்மானித்துவிட்டது.

முடிவு எடுக்க வேண்டிய மட்டுறுத்துனர் சிதம்பரத்தில் பல் ராவிக்கொண்டிருந்தார். அவரே போன் செய்தார்.

"உங்க பேரு இங்க வந்திருக்குதுங்க. என்ன பண்றதுன்னு தெரியலைங்க. நீங்களே சொல்லிடுங்க."

"விதி என்ன சொல்லுதோ அதச் செய்ங்க. நான் எத்தினி பேருக்குப் போட்டிருக்கேன்?"

"ஆமாங்க. மூணு நாள் போடலாம்னு இருக்குதுங்க. வேணாம்னா விட்டுர்றேங்க."

"போடுங்க. மூணு நாள் போடுங்க. அப்பதான் நாலு பேருக்கு நம்பிக்கை வரும்."

"ஆமாங்க" என்று போனை வைத்தார்.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். பொதுப் பிரிவின் உச்சியில், தடித்த எழுத்தில் அறிவிப்பு: 'மட்டுறுத்துனரே ஆனாலும் மன்றத்தின் மாண்பைக் குலைப்பவர் எவரும் தப்ப முடியாது. ஐந்து நாள் தடை.' கீழே பிளஸ்ஸாக விழுந்துகொண்டிருந்தது. கனடாக்காரர் முதல் ஆளாகக் கைதட்டியிருந்தார்.

மாமாவிடம் சொன்னபோது, "அஞ்சு நாளா? அப்ப நான் கடையில என்னத்தடா பண்றது?" என்று கேட்டார்.

அந்த ஐந்து நாளும் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தேன். ஒரு சண்டை இல்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. ஒருவர் கவிதை போட்டார், நான்கு பேர் அருமை என்றார்கள். கத்தரிக்காய்க்காரர் அமைதி நிலவுவதாக ஓர் அறிக்கை வெளியிட்டார். எனக்கு உள்ளூர ஏற்பட்ட வருத்தத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்து, குளிக்காமல்கூட உட்கார்ந்து, சமையல் பிரிவில் ஒரு புதிய திரி தொடங்கினேன். தலைப்பு: 'சாம்பாரில் வெல்லம் போடலாமா? கருத்துகள் வரவேற்கப்படுகின்றன.' சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது மூன்றாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.